நெல்லா, ரொக்கமா

யுத்த காலத்தில் திருச்சியிலிருந்து வெளிவந்த ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்தேன். தந்திச் செய்திகளைத் தமிழாக்குவது முக்கிய வேலை. அதோடு வெள்ளிக்கிழமைதோறும் பெரிய கடைத்தெருவில் நடந்து, அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய் விலைகளை விசாரித்து மறுநாள் இதழுக்குக் கால் பத்தி எழுத வேண்டும். அந்தக் கால் பத்தியை யாரும் படிப்பதாக நான் நினைக்கவில்லை. லால்குடியில் ஒருவர் வாராவாரம் படித்துக்கொண்டிருந்தார். அவர் என் அக்காவின் கணவர்.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகிப் பத்து வருஷம் பார்த்துவிட்டு அத்திம்பேர் இரண்டாவதாக ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் காலத்தில் அது சட்டத்துக்கும் விரோதமில்லை, ஊர் வழக்கத்துக்கும் விரோதமில்லை. சின்னவள் வந்து ஒரு வருஷத்துக்குள் அக்கா ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டாள். சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. உக்கிராண அறையின் சாவி கைமாறியது, அவ்வளவுதான். “இனிமே அந்த ஆத்துல அரிசி வேணும்னா நான் அவளைக் கேக்கணும். அது என்னால முடியாது” என்று மட்டும் சொன்னாள்.

ஜீவனாம்சம் பேச அப்பா லால்குடிக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அது யுத்தத்துக்கு ஏழெட்டு வருஷம் முந்தி. நெல் விலை விழுந்து கிடந்தது. அறுத்த நெல் களத்திலேயே கிடக்க, வாங்க ஆள் வராத வருஷங்கள் அவை. நிலம் வைத்திருந்தவர்கள் நிலவரிக் கிஸ்தி கட்ட வளையலை அடகு வைத்தார்கள். மாதச் சம்பளக்காரர்களுக்கு அது பொற்காலம். அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர்; பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார். மலிவு என்பது இனி மாறாது என்று அவர் நம்பினார். அவர் மட்டும் அல்ல, எல்லோரும் நம்பினார்கள்.

“வருஷத்துக்கு இத்தனை கலம்னு பேசிக்கலாம். போகத்துக்குப் போகம் வண்டியில அனுப்பிடறேன்” என்றார் அத்திம்பேர்.

“நெல்லை வச்சுண்டு அவ என்ன பண்ணுவா? அவல் இடிச்சு விப்பாளா? ரொக்கமாப் பேசுங்கோ” என்றார் அப்பா.

அத்திம்பேர் முகம் சுண்டிப்போனது. கடைசியில் மாதம் பதினைந்து ரூபாய் என்று முடிந்தது. அந்த வருஷம் பதினைந்து ரூபாய் புரட்ட ஏறக்குறைய ஒரு வண்டி நெல்லை விற்க வேண்டும். மாதம் ஒரு வண்டி. அவர் அதை மனசுக்குள் கணக்குப் போட்டதை நான் பார்த்தேன். அப்பா ஸ்டேஷனுக்கு ஜட்கா வைத்துக்கொண்டார். ஜட்காவுக்கு அவர் காசு செலவழித்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

பதினைந்து ரூபாயில் அக்கா நன்றாகவே இருந்தாள். சித்திரை வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். பால், காய், விறகு, தாயார் சந்நிதிக்கு வெள்ளிக்கிழமைப் பூ எல்லாம் போக மாதக் கடைசியில் கையில் கொஞ்சம் நின்றது. அப்பா காலமானார். அவர் செய்த ஏற்பாடு தொடர்ந்தது. மாதம் பிறந்தால் மணியார்டர் தவறியதே இல்லை. இதை அத்திம்பேருக்கு நியாயமாகச் சொல்லியாக வேண்டும்.

பிறகு யுத்தம் வந்தது. விலைவாசி ஏறியதைப் பற்றிப் பத்திரிகையில் நான் எழுதியவை எல்லாம் சதவீதங்களும் சர்க்கார் அறிக்கைகளும். அக்கா விலை ஏறியது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆட்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்றுதான் சொன்னாள். முதலில் கெட்டவள் காய்க்காரி.

“மாமி, கறிவேப்பிலைக்குத் தனியா காசு” என்றாள் அவள் ஒருநாள். நான் அப்போது அங்கே இருந்தேன்.

“கொசுறுக்குக் காசா? எப்போலேர்ந்துடி?”

“யுத்தம் வந்ததுலேர்ந்துதான் மாமி.”

“ஏன், உன் கறிவேப்பிலை மரத்துல குண்டு விழுந்துதா?”

காய்க்காரி சிரித்தாள். ஆனால் கறிவேப்பிலையைக் கொடுக்காமலே கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அடுத்துக் கெட்டவர் அரிசிக்கடைக்காரர். முன்பெல்லாம் படியைக் கோபுரமாகக் குவித்து, சிந்துவதையும் சேர்த்துப் பைக்குள் சரிப்பார். இப்போது விலையை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் தலையைத் தட்டி மட்டமாக அளந்தார். விலை ஏறவில்லை, கோபுரம் இறங்கியது. அக்காவுக்கு அது திருட்டு. சில மாதத்தில் விலையும் ஏறியது. அப்போது அவள் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டு வேறு கடைக்குப் போனாள். அங்கே இன்னும் அதிகமாக இருந்தது. திரும்பி வர வேண்டியதாயிற்று. அவள் மனதில் எல்லாப் பொருளுக்கும் ஒரு சரியான விலை இருந்தது. அவள் ஸ்ரீரங்கத்தில் தனிக் குடித்தனம் வைத்த வருஷத்து விலை அது. அதற்கு மேல் கேட்டதெல்லாம் ஒருவருடைய கெட்ட குணம்.

முதலில் பூ நின்றது. பிறகு ராத்திரிச் சாப்பாடு பலகாரமாகி, பலகாரம் மோராயிற்று. மோர் மட்டும் போதும், வயிறு லேசாக இருக்கிறது என்றாள். நான் என் வீட்டுக்கு வரும்படி கூப்பிட்டேன். தெப்பக்குளத்துப் பக்கம் ஒரே அறையும் தாழ்வாரமும், அதில் நான், மனைவி, மூன்று குழந்தைகள், மாமியார். அக்கா ஒரு தடவை வந்து பார்த்திருக்கிறாள்.

“எங்கேடா படுத்துக்கறது? உன் மாமியார் தலைமேலயா?” என்றாள்.

அவள் எதிர்பார்த்தது ஒன்றுதான். பதினைந்து இருபத்தைந்தாக வேண்டும். ஆகாவிட்டால் லால்குடிக்குத் திரும்பி, சின்னவளிடம் அரிசி கேட்டுச் சாப்பிட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. பேசிப் பார்க்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

ரயிலில் லால்குடி போனேன். அத்திம்பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சின்னவள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “அக்கா சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எழுந்து போய், அலமாரியிலிருந்து எங்கள் பத்திரிகையின் சனிக்கிழமை இதழ்களை எடுத்து வந்தார். நூலால் கட்டி வைத்திருந்தார்.

“இந்தக் கடைத்தெரு விலை போடறது யாரு?”

“நான்தான்.”

“அரிசி படி என்னன்னு போட்டிருக்கே?”

சொன்னேன்.

“உங்க அக்கா என்ன விலைன்னு சொல்றா?”

அதையும் சொன்னேன். கிட்டத்தட்ட இரண்டு பங்கு.

“ரெண்டுல யார் பொய் சொல்றா? நீயா, அவளா?”

“பேப்பர்ல போடறது கண்ட்ரோல் விலை, அத்திம்பேர். அந்த விலைக்குக் கடையில அரிசி கிடைக்காது.”

“கிடைக்காத விலையை எதுக்குப்பா அச்சடிக்கறேள்?”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது, நீளமான பதில். சர்க்கார் நிர்ணயித்த கண்ட்ரோல் விலைக்கு மேல் விற்றால் வியாபாரிக்கு ஜெயில். ஆகவே பத்திரிகைக்காரன் கேட்டால் எந்த வியாபாரியும் கண்ட்ரோல் விலையைத்தான் சொல்வான். மண்டிக்காரர் ஒருவர் இதை எனக்கு வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். “எந்த விலை வேணும் சாமி? பேப்பருக்கா, வீட்டுக்கா?” என்று கேட்பார். பேப்பருக்கு என்றால் உரக்கச் சொல்வார். வீட்டுக்கு என்றால் வாயால் சொல்ல மாட்டார்; துண்டை விரித்து, அதனடியில் என் விரல்களைப் பிடித்துக் காட்டுவார். மாட்டுத் தரகர்களின் பழக்கம் அரிசிக்கு வந்திருந்தது.

இதை அத்திம்பேரிடம் விவரித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

“சரி. துண்டுக்கடியில புடிச்ச விரலை நான் எப்படி நம்பறது? பதினஞ்சு ரூபாய்னா சாதாரணமாப் போயிடுத்தா உங்களுக்கெல்லாம்? அந்த வருஷம் ஒவ்வொரு மாசமும் ஒரு வண்டி நெல்லை மாட்டைப் பூட்டி அனுப்பினேன். மூட்டையைத் தூக்கினவன் முதுகு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.”

உண்மையில் நான் போன அன்று இருந்த விலையில் பதினைந்து ரூபாய்க்கு அவர் கொடுக்க வேண்டியது ஒரு வண்டியில் ஒரு மூலை. அது அவருக்குத் தெரியாதது அல்ல. நெல்லை விற்கிறவர் அவர்தான். ஆனால் விற்கும்போது அவர் வேறு ஆளாக இருந்தார், பதினைந்து ரூபாயை எண்ணும்போது வேறு ஆளாக இருந்தார். முதல் ஆளுக்குச் சந்தை விலை தெரியும். இரண்டாவது ஆள் இன்னும் அந்த மலிவு வருஷத்துக் களத்தில் நின்றுகொண்டிருந்தார். அக்காவும் அதே வருஷத்தில்தான் நின்றாள். ஒரே வருஷத்து விலை இவளுக்கு அரிசியாகவும் அவருக்கு ரூபாயாகவும் ஞாபகம் இருந்தது.

திரும்பி வந்து அந்த வாரம் கால் பத்தியில் இரண்டு விலைகளையும் எழுதினேன். ஒரு வரிசையில் கண்ட்ரோல் விலை, பக்கத்தில் ‘கிடைக்கும் விலை’. அச்சானால் அந்த ஒரு தாளை லால்குடிக்கு எடுத்துப்போவதாகத் திட்டம். ஆசிரியர் இரண்டாவது வரிசையின் மேல் கோடு போட்டார்.

“சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். யார் சொன்ன விலைன்னு கேட்டா யாரைக் காட்டுவீர்? மண்டிக்காரரையா?”

“இல்லை.”

“இன்னொண்ணு. நீர் இந்த விலையை அச்சுல போட்டீர்னா, இதுக்குக் கீழ வித்துண்டிருக்கற நாலு பேர் இருப்பான். திங்கக்கிழமை அவனும் இதையே கேப்பான். பேப்பர்லயே வந்துடுத்தேம்பான்.”

அவர் சொன்னது சரி. கண்ட்ரோல் விலையை மறுபடி எழுதிக் கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமை லால்குடியில் அத்திம்பேர் அதையும் நூல் கட்டில் சேர்த்திருப்பார்.

வைகுண்ட ஏகாதசிக்கு அத்திம்பேர் ஸ்ரீரங்கம் வந்தார். சேவித்துவிட்டு, வழக்கம்போல அக்கா வீட்டுக்கும் வந்தார். பத்து நிமிஷம் உட்கார்ந்து தீர்த்தம் வாங்கிக்கொண்டு போவார். அவ்வளவுதான் அவர்களுக்குள் போக்குவரத்து. அன்று நானும் அங்கே இருந்தேன். வந்தவர் உட்காரவில்லை. கையில் இரண்டு தேங்காயும் கொஞ்சம் பழமும் இருந்தன.

“இதுக்கு என்ன வாங்கினான் தெரியுமா?” என்றார். விலையைச் சொன்னார். “ரெண்டு தேங்காய்! என் தோப்புல நாய் உருட்டிண்டு போற தேங்காய்!”

“அதான் விலை” என்றாள் அக்கா.

“சில்லறை இல்லேங்கறான். மீதிக்கு வெத்தலை குடுக்கறான். நான் வெத்தலையே போடறதில்லை!”

“எனக்கு தினமும் அதான்.”

அவர் தேங்காய்களைத் தரையில் வைத்தார். அரிசி, பருப்பு, எண்ணெய், தேங்காய் எதையும் அவர் காசு கொடுத்து வாங்கியவர் அல்ல. வாங்குகிற இடத்தில் அவர் நின்றது அதுவே முதல் தடவையாக இருக்கும். என் பத்தியும் என் விளக்கமும் செய்யாததை இரண்டு தேங்காய் செய்தது.

“ரொக்கம் நான் கூட்டித் தரமாட்டேன்” என்றார். “பதினஞ்சு பதினஞ்சுதான். வேணும்னா அதுக்குப் பதிலா நெல்லாத் தரேன். உங்கப்பா வேண்டாம்னாரே, அதே கலக்கணக்கு. எடுத்துக்கோங்கோ.”

அந்தக் கலக்கணக்கு அன்றைய விலையில் பதினைந்து ரூபாயைப் போல் பல மடங்கு. அதை அவரும் அறிவார். ஆனால் நெல் அவருக்குச் செலவாகப் படவில்லை, பத்தாயத்தில் இருப்பது. ரூபாய்தான் வலித்தது. அக்கா என்னைப் பார்த்தாள். சரி என்று நான் தலையாட்டினேன். அன்று அவள் எங்கள் இருவருக்கும் சாதமும் சாத்தமுதும் வைத்து... இல்லை, ஏகாதசி, பழம்தான் நறுக்கிக் கொடுத்தாள். அவர் அதைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நெல் அறுத்தாயிற்று. கொள்ளிடம்தான் நடுவில் இருந்தது. பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு மூங்கில் தடுப்பும் இரண்டு சிப்பந்திகளும். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு மூட்டை நெல் ஆற்றைத் தாண்டக் கூடாது. ரயிலிலும் அப்படியே, ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் பெண்களின் படுக்கைச் சுருட்டைக்கூட அவிழ்த்தார்கள். அதற்குள் ரேஷன் கார்டும் வந்திருந்தது. அக்காவின் கார்டில் ஒரு நபர் என்று எழுதியிருந்தது. கார்டுக்குக் கிடைத்த அரிசியில் பாதி நொய், பாதி புழு.

அனுமதிச் சீட்டுக்காக சப்ளை ஆபீசுக்கு அலைந்தேன். குமாஸ்தா நல்ல மனிதர். பத்திரிகைக்காரன் என்பதால் உட்காரச் சொன்னார்.

“நிலம் யார் பேர்ல சார்?”

“அவ புருஷன் பேர்ல.”

“மிராசுதார் சொந்தச் சாப்பாட்டுக்கு வச்சுக்கலாம். குடும்பத்துல இருக்கறவங்களுக்கும் வச்சுக்கலாம். உங்க அக்கா அவர் குடும்பத்துல இருக்காங்களா?”

“இல்லை. தனியா ஸ்ரீரங்கத்துல இருக்கா.”

“அப்ப அது சொந்தச் சாப்பாடு இல்லை, வெளியே அனுப்பறது. அதுக்குச் சீட்டு கிடையாது.”

“குடும்பத்துல இருக்கான்னு எழுதிக் குடுத்தா?”

“குடுங்க. அப்ப லால்குடியில சாப்பிடறாங்கன்னு அர்த்தம். இங்க கார்டை வெட்டிடுவோம். நெல்லும் அங்கேயேதான் இருக்கும். ஒருத்தங்க ரெண்டு ஊர்ல சாப்பிட முடியாதுங்களே.”

மூன்று ஆபீஸ்களில் இதே பதிலை வேறு வேறு வார்த்தைகளில் கேட்டேன். மனைவியாக இருந்தால் நெல் உண்டு, அது அக்கரையில். தனியாக இருந்தால் கார்டு உண்டு, அது போதாது. ராத்திரி பரிசலில் கடத்துகிறவர்கள் இருந்தார்கள். அத்திம்பேரிடம் அதைப் பற்றிப் பேசினேன். பிடிபட்டால் நிலத்து நெல் முழுவதையும் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்றார். அதுவும் சரிதான்.

பூமி வெடித்துக் கிடந்த ஒரு வைகாசியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் இல்லை. வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “மருந்து வேண்டாம், சாப்பிடச் சொல்லுங்கோ” என்றார். அவர் போனபின் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்:

“நெல்லு வராதுன்னா நெல்லு இருக்கற இடத்துக்கு நான்தானே போகணும்.”

“யோசிச்சுக்கோ.”

“யோசிக்கறதுக்கும் சாப்பிட்டாகணுமேடா.”

கார்டைத் திருப்பிக் கொடுத்தோம். பின்கட்டைக் காலி செய்தோம். போகிற நாளில் ரயிலில் கூட்டம் அதிகம் இல்லை. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் வந்து இறங்குகிறவர்களைத்தான் சோதித்தார்கள். லால்குடிப் பக்கம் போகிற எங்கள் மூட்டையை யாரும் தொடவில்லை. லால்குடியில் சின்னவள் வாசலுக்கு வந்து அக்காவின் பையை வாங்கிக்கொண்டாள். சமையல் உள்ளில் ஒரு மூலையைக் கழுவி விட்டிருந்தாள். அதைக் காட்டி, “இங்கே தனியா அடுப்பு வேணும்னாலும் வச்சுக்கோங்கோக்கா” என்றாள். அக்கா தேவையில்லை என்றாள். மாதப் பதினைந்து ரூபாயைப் பற்றி நான் கேட்டபோது, “ஆத்துல இருக்கறவளுக்கு ஜீவனாம்சம் எதுக்கு?” என்றார் அத்திம்பேர். அதில் கிண்டல் இல்லை. அவருக்கு அது நேர்க்கணக்கு.

அக்கா அங்கே மெலியவில்லை. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு வேளையும் சின்னவள் உக்கிராணத்தைத் திறந்து அரிசி எடுத்துக் கொடுப்பாள். அக்கா வாங்கிக் களைந்து வைப்பாள். கேட்க வேண்டிய அவசியமே சின்னவள் வைக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது என்று அக்கா ஒரு தடவை சொன்னாள். பிறகு சொல்லவில்லை.

யுத்தம் முடிந்து, சில வருஷம் கழித்துக் கண்ட்ரோலை எடுத்தார்கள். கொள்ளிடத்துத் தடுப்பு போய்விட்டது. வண்டி நெல் தாராளமாக ஆற்றைத் தாண்டியது. நான் உடனே ஸ்ரீரங்கத்தில் இடம் தேடினேன். உத்தர வீதியில் காற்றோட்டமான ஒரு சின்னப் போர்ஷன் கிடைத்தது. வீட்டுக்காரரிடம் நான்கு நாள் தவணை கேட்டுவிட்டு லால்குடி போனேன். அத்திம்பேரிடம் முதலில் பேசினேன். கலக்கணக்கு நெல்லை அனுப்புவதாகத் தயங்காமல் ஒப்புக்கொண்டார். அவருக்கும் வயதாகியிருந்தது. அக்காவைக் கூப்பிட்டு மூன்று பேருமாக உட்கார்ந்தோம்.

“இடம் பாத்திருக்கேன். நெல்லு வரும். சாப்பிட்டது போக மிச்சத்தை வித்தாலே வாடகை, பால் எல்லாம் ஆயிடும். வரியா?”

அவள் முகம் மலர்ந்தது. மடித்திருந்த காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“வாடகை என்னடா?”

சொன்னேன்.

“எவ்வளவு?”

மறுபடி சொன்னேன். அவள் சிரித்தாள்.

“நன்னாக் கேட்டுண்டு வந்தே. மாடி வீடா அது? முழு வீட்டுக்கே அவ்வளவு ஆகாதேடா.”

“இப்ப அதான் வாடகை, அக்கா.”

“பால் என்ன?”

சொன்னேன்.

“விறகு?”

அதையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையை அசைத்தாள், குழந்தை பொய் சொல்வதைக் கேட்பதுபோல.

“அவன் சொல்றது நிஜம்தான்” என்றார் அத்திம்பேர். “இப்பல்லாம் அப்படித்தான்.”

“உங்களுக்கு என்ன தெரியும்? நீங்க எப்போ கடைக்குப் போனேள்?” என்றாள் அக்கா.

நான் அவளுடைய கைகளைப் பார்த்தேன். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் எதையும் விலைக்கு வாங்கியதில்லை. கறிவேப்பிலைகூடக் கொல்லையில் இருந்தது. நடுவில் வந்த ஓட்டைக் காலணாவை அவள் கையில் பிடித்துப் பார்த்திருப்பாளா என்பதே சந்தேகம். விலைகள் அவளுக்கு, அவள் ரயில் ஏறிய நாளோடு நின்றுபோயிருந்தன. அவற்றையும்கூட அவள் அநியாயம் என்றுதான் ஞாபகம் வைத்திருந்தாள். வெளியே எல்லோரும் மெல்ல மெல்ல ஏறிய படிகளை அவள் ஒரே தாண்டலில் தாண்ட வேண்டியிருந்தது. நெல்லை விற்றால் கிடைக்கப்போகும் பணமும் அதே அளவு உயர்ந்திருக்கிறது என்று எழுதிக் காட்டினேன். கூட்டல் சரியாக இருப்பதாக ஒப்புக்கொண்டாள்.

“கணக்கு சரிடா. ஆனா அவ்வளவு குடுத்து ஒருத்தர் ஆத்துல இருக்கணுமா? என்னால முடியாது. நியாயமான வாடகைக்கு ஒரு இடம் கிடைச்சா வந்து சொல்லு. அன்னிக்கே கிளம்பறேன்.”

உள்ளேயிருந்து சின்னவள் ஒரு முறத்தில் அரிசியைக் கொண்டுவந்து அக்காவின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அக்கா அதை மடியருகே இழுத்து, கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். உத்தர வீதிப் போர்ஷனை, தவணை முடியுமுன்னே, நான் அவளிடம் சொன்னதற்கும் இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வேறொருவர் எடுத்துக்கொண்டார்.